தவறணையின் இரண்டாவது கதவு

ஒரு தவறணைக்கு, அதாவது சாராயக் கடைக்கு, எத்தனை கதவுகள் இருக்க வேண்டும்? மதுவரி இலாகாவின் நிபந்தனைப்படி ஒன்று. அந்த இலாகாவின் இன்ஸ்பெக்டர் கதிரவேலுவைக் கேட்டிருந்தால் இரண்டு என்றிருப்பார். தவறணையே கூடாது என்று நம்புகிறவர்களின் சங்கத்தில் நான் நெடுங்காலமாக அங்கத்தவள். ஆகவே கதவே வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றும் விடை தெரியாது. இரண்டு என்று சொன்னவர் இப்போது இல்லை.

அவரை அறிந்தவர்கள் அப்புத்தளையிலும் ஹல்துமுல்லையிலும் வெலிமடைப் பக்கத்திலும் இன்னும் இருக்கிறீர்கள். சிலர் அவரை நல்லவர் என்றீர்கள், சிலர் லஞ்சம் வாங்கியவர் என்றீர்கள். இரு சாராருக்குமாக இதை எழுதுகிறேன்.

செய்தியைக் கொண்டுவந்தவர் சூசை. ஹல்துமுல்லை ரோட்டின் முதல் திருப்பத்தில் இருக்கும் தவறணையைக் குத்தகைக்காரருக்காக நடத்துபவர். எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் அவருடைய கடைக்கும் ஒரே ரோடுதான். ஆனால் இத்தனை வருஷத்தில் அவர் எங்கள் வேலிப் படலையைத் தாண்டியதில்லை. அன்றும் தாண்டவில்லை. மத்தியான மணி அடித்த வேளையில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தொப்பியைக் கையில் வைத்தபடி வெளியே நின்றார்.

"உள்ளே வாருங்கள், சூசை."

"வேணாங்க டீச்சரம்மா. நம்ம மேல சாராய வாடை அடிக்கும். புள்ளைங்க இருக்குதுங்க." தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "நம்ம இன்ஸ்பெட்டரு ஐயா தவறிட்டாருங்களாம். பண்டாரவளை ஆப்பீசுல பேசிக்கிட்டாங்க."

"எந்த இன்ஸ்பெக்டர்?" என்றேன். அவருக்குப் பிறகு எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். கேட்கும்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

"கதவு ஐயாங்க. யாழ்ப்பாணத்துல, அவரு அக்கா வீட்டுல. நெஞ்சு வலின்னு சாஞ்சவரு எந்திரிக்கலையாம்."

சூசை போகாமல் நின்றார்.

"இன்னொன்னும் சொல்லணுங்க. புது ஐயா வந்து கடையப் பாத்தாரு. ஒத்த வாசல்தான் சட்டம், பின்கதவ கட்டி அடைச்சாத்தான் அடுத்த வருசத்துக்கு லைசென்சுன்னுட்டாரு. நாளைக்கு மேசன் வாறாரு. ரெண்டு சமாச்சாரத்தையும் ஒரே நாள்ல சொல்ல வேண்டியதாப் போச்சுங்க."

அன்று பிற்பகல் பூகோளப் பாடம் நடத்தினேன். எந்த நாட்டைப் பற்றி என்பது ஞாபகம் இல்லை. அக்கா வீடு என்ற சொல் மட்டும் மனத்தில் நின்றது. அப்படியானால் அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதை நான் ஒருபோதும் விசாரித்ததில்லை.

முதன்முதலில் கதிரவேலுவைப் பார்த்தபோது அவர் மழையில் ஓர் அளவுச் சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்தார். மதுவரி இலாகா புதிதாக வந்திருந்த காலம். நான் சென்னையில் பட்டம் பெற்று, பதுளையில் சில வருஷம் கற்பித்து, பிறகு அப்புத்தளைப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தேன். பிள்ளைகள் எல்லோரும் ஜன்னலில் குவிந்து சிரிக்கிறார்களே என்று வெளியே போனேன். சங்கிலியின் மறுமுனையை ஒரு பியூன் திருப்பத்தில் பிடித்துக்கொண்டிருந்தான். இந்த முனை எங்கள் படலைக் கட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"என்ன அளக்கிறீர்கள்?"

"தவறணைக்கும் உங்கடை படலைக்கும் எவ்வளவு தூரம் எண்டு பாக்கிறன், டீச்சர். பள்ளிக்கூடத்துக்குக் கிட்டவா இருந்தால் லைசென்சு குடுக்க ஏலாது."

"போதிய தூரம் இல்லாவிட்டால்?"

"பள்ளிக்கூடத்தைத் தள்ளி வையுங்கோ எண்டு உங்களிட்டைக் கேக்க ஏலாதுதானே."

முகத்தில் சிரிப்பே இல்லை. வேடிக்கை பேசுகிறார் என்பதே அவர் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. தூரம் போதுமானதாக இருந்தது. என் முகத்தில் ஏமாற்றத்தைக் கண்டிருக்க வேண்டும். "குறைஞ்சிருந்தால் அப்பிடியே எழுதியிருப்பன். கூடவா இருக்கேக்கை குறைச்சு எழுத எனக்கு வராது" என்று சொல்லிச் சங்கிலியைச் சுருட்டினார்.

அதற்குப் பிறகு இந்த ரோட்டால் போகும்போதெல்லாம் மட்டக்குதிரையை எங்கள் வேலியோரம் நிறுத்துவார். விறாந்தைக்கு வெளியே நின்றுதான் பேசுவார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். தனியாக வசிக்கும் பெண்ணின் விறாந்தையில் உட்காரக் கூடாது என்பது அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நிபந்தனை என்று நினைக்கிறேன். அதை அவர் ஒருபோதும் மீறவில்லை. மீறியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றிய நாட்களும் உண்டு. குதிரை எங்கள் வேலியைத் தின்றுகொண்டிருக்கும். அவர் தவறணைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

மதுவை வெறுக்கும் எனக்கு அந்தப் பேச்சு ஏன் பிடித்திருந்தது என்று யோசித்திருக்கிறேன். லைசென்சு சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்க வேண்டும். அளக்கும் கோப்பையில் அரசாங்க முத்திரை இருக்க வேண்டும். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் ஊற்றக் கூடாது. கடனுக்கும் அடகுக்கும் கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே குடித்து வெறித்து வந்தவனைத் திருப்பி அனுப்ப வேண்டும். கத்தி வைத்திருப்பவனை உள்ளே விடக் கூடாது. இவற்றை அவர் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனிதன் தெரிவான். வாசல் ஒன்றுதான், அது ரோட்டைப் பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அவர்தான் எனக்கு விளக்கினார். பின்வாசல் இருந்தால் கடை மூடிய பிறகும் வியாபாரம் நடக்கும், போத்தல்கள் களவாக வெளியே போகும். இது நல்ல காரணம் என்று ஒப்புக்கொள்வார்.

"ஆனால் டீச்சர், சூசையின்ரை கடையிலை விளக்கு எங்கை தொங்குது தெரியுமோ? பீப்பாய்க்கு நேர் மேலை. விளக்கு எங்கை தொங்க வேணும் எண்டு ஒரு நிபந்தனையும் சொல்லேல்லை."

விளக்கை வேறு சுவருக்கு மாற்றச் சொன்னார். வாளியில் மணல் வைக்கச் சொன்னார். சூசை இரண்டையும் செய்தார். மணல் வாளியில் வருகிறவர்கள் வெற்றிலை துப்பினார்கள் என்பது வேறு விஷயம்.

ஒரு சம்பள ஞாயிறு. நான் கோவிலிலிருந்து குடை பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். தவறணையின் ஜன்னல் பலகைகள் திடீரென்று ஒவ்வொன்றாக மூடின. உள்ளே இருட்டாகியது. பிறகு கதிரவேலுவின் குரல் கேட்டது: "எல்லாரும் வெளியிலை வாங்கோ!" நெருப்புப் பிடித்தால் எல்லோரும் எப்படி வெளியேறுவார்கள் என்று பார்க்க, அவரே ஜன்னல்களை மூடி விளக்கை அணைக்கச் செய்திருந்தார்.

தேயிலைத் தோட்டத்தார் மழைக்குத் தலையோடு போர்த்திக்கொள்ளும் கறுப்புக் கம்பளியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நனைந்த கம்பளி ஒரு பிள்ளையின் பாரம் இருக்கும். அதோடு உள்ளே வந்தால் மண் தரை சேறாகிவிடும் என்று சூசை விடுவதில்லை. ஆகவே எல்லோரும் வாசலுக்கு உட்பக்கம், மழை படாத இடத்தில், கம்பளியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போவார்கள். கத்திக்கும் அனுமதி இல்லை என்பதால் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியையும் அதற்குள்ளேயே சுற்றி வைப்பார்கள். இரண்டு நிபந்தனைகளையும் ஒழுங்காகக் கைக்கொண்டதன் பலனாக, இருந்த ஒரே வாசலில் இடுப்பளவு குவியல்.

இருட்டில் அவர்கள் அந்தக் குவியலில் தடுக்கி விழுந்தார்கள். விழுந்தவர்கள் மேல் பின்னால் வந்தவர்கள் விழுந்தார்கள். ஒரு கிழவர் எழுந்திருக்க முடியாமல் கம்பளிகளின் மேல் உட்கார்ந்து கத்தினார்: "ஏன்டா வெளக்க அணைச்சீங்க? இன்னைக்கு ஊத்துன சரக்குல கண்ணு போயிருச்சுன்னுல்ல நெனச்சேன்!" ரோட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவனுடைய பாதத்தில் கத்தி வெட்டியிருந்தது. கதிரவேலு குந்தியிருந்து தம் சட்டைப்பையிலிருந்த லேஞ்சியால் அதைக் கட்டினார். நிமிர்ந்தபோது என்னைக் கண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிறலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உடனே திரும்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் தவறணையின் பின்சுவரை வெட்டி, தேயிலைச் சரிவைப் பார்த்து வெளிப்பக்கம் திறக்கும் ஒரு கதவு போட உத்தரவிட்டார். மேலிடத்தில் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். கம்பளிகளையும் கத்திகளையும் மாட்டக் கடைக்கு வெளியே ஆணி அடிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

சூசை சொன்னபடியே செய்தார். பலாப் பலகையில் கதவு வந்தது. அந்தக் கதவின் வெளிப்பக்கத்திலேயே வரிசையாக ஆணிகளையும் அடித்துவிட்டார். கதிரவேலு பார்க்கப் போன நாளில், ஆபத்துக்கு ஓடுவதற்காகப் போட்ட கதவு முழுவதும் நனைந்த கம்பளிகள் தொங்கிக்கொண்டிருந்தன. நடந்ததை அவரே எங்கள் வேலியோரம் நின்று சொன்னார்.

"என்ன சூசை இது எண்டு கேட்டன். 'மண் சுவருல ஆணி நிக்காதுங்க ஐயா, கதவு நல்ல பலகை, புடிச்சுக்கும்' எண்டான். அதுவும் உண்மைதானே, டீச்சர்!"

சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். குதிரை தலையைத் தூக்கிப் பார்த்தது. அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். ஆணிகளைப் பிடுங்கச் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"இல்லை. தள்ளிப் பாத்தன். கதவோடை கம்பளியும் சேர்ந்து வெளியிலை வருது. ஆரையும் மறிக்கேல்லை. கத்தியை மட்டும் கூரை வளையிலை மாட்டச் சொல்லிப்போட்டு வந்திட்டன்."

பேச்சு கிளம்ப அதிக நாள் ஆகவில்லை. நாட்டிலுள்ள தவறணைக்காரன் ஒவ்வொருவனும் ஆசைப்படுவது பின்வாசலுக்கு. அதை அடைக்க வேண்டிய அதிகாரியே திறந்துவிட்டார் என்றால் குத்தகைக்காரர் என்ன கொடுத்திருப்பார்? எங்கள் சங்கத் தலைவர் மனு ஒன்றோடு என்னிடம் வந்தார்.

"அவர் வாங்கியதை யாராவது பார்த்தார்களா?" என்று கேட்டேன்.

"பாக்கிற மாதிரியா வாங்குவாங்க, டீச்சர்? நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா?"

சான்று இல்லாததால் நான் கையெழுத்துப் போடவில்லை. அதே காரணத்தால் அவருக்கு ஆதரவாகவும் எழுதவில்லை. அதை அவரிடமே சொன்னேன். "அது சரி. நானும் அப்பிடித்தான் செய்வன்" என்றார். பிறகு நேராகவே கேட்டுவிட்டேன்: அந்தக் கதவுக்காக யாராவது உங்களுக்கு ஏதாவது கொடுத்தார்களா?

"இல்லை, டீச்சர்."

"நான் எப்படி நம்புவது?"

"நம்புங்கோ எண்டு நான் கேக்கேல்லையே." குதிரையின் கழுத்தைத் தடவினார். "முந்தி ஒரு ஊரிலை தவறணை எரிஞ்சது. விடியத்தான் நான் போனனான். கதவு திறந்துதான் கிடந்தது. வாசலிலை ஆக்கள் கிடந்தவை, ஒருத்தருக்கு மேலை ஒருத்தர்." அது எந்த ஊர் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. வேறு ஒருநாள் சொன்னார்: "உள்ளை போற ஆளை நான் மறிக்க ஏலாது. வெளியிலை வாற ஆளை மறிக்கக் கூடாது. என்ரை வேலை அவ்வளவுதான்."

அந்த மனுவின் பேரில் விசாரணை, பயணியர் தங்கும் அப்புத்தளை வாடிவீட்டில் நடந்தது. பதுளையிலிருந்து அரசாங்க ஏஜெண்டு துரை வந்திருந்தார். தோட்டத்தார் பேச்சை அவருக்கு ஆங்கிலத்தில் சொல்ல ஆள் தேவைப்பட்டது, என்னைக் கூப்பிட்டார்கள். கதிரவேலு ஓரமாக நின்றார். அன்று தீர்மானிக்க வேண்டியவை இரண்டு: கதவு இருக்கலாமா, அவர் உத்தியோகத்தில் இருக்கலாமா.

எங்கள் சங்கத்தார் கொண்டுவந்த சாட்சி வெள்ளையம்மா. பக்கத்துத் தோட்டத்து லயக் குடியிருப்பில் இருந்துகொண்டு கொழுந்து பறிப்பவள். பின்கதவருகே அவளை அடிக்கடி கண்டிருக்கிறார்கள். போத்தல் கடத்துகிறாள் என்பது அவர்கள் எண்ணம்.

"அந்தக் கதவடியில் உனக்கு என்ன வேலை என்று துரை கேட்கிறார்" என்றேன்.

"எம் புருசன கூட்டியாறப் போவேனுங்க."

"உள்ளே போவாயா?"

"நா எதுக்குங்க உள்ள போறேன்? கதவுல கம்பளி தொங்குமுங்க. எம் புருசன் கம்பளி எனக்குத் தெரியாதா, ஒட்டுப் போட்டவளே நாந்தானே. அத எடுத்துப் போத்திக்கிட்டு லயத்துக்கு நடையக் கட்டிருவேன்."

"பிறகு?"

"பொறகென்னங்க? இந்த அப்புத்தளை காத்துல கம்பளி இல்லாம எம்புட்டு நேரம் குந்தியிருப்பாரு? கொஞ்ச நேரத்துல பின்னாடியே ஓடியாந்துருவாரு, எங்க ஆத்தாள திட்டிக்கிட்டு. திட்டட்டுமே. சம்பளத்துல பாதியாச்சும் மடியில இருக்கும்ல."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்: "அடிப் பாவிகளா! திருட்டுப் போச்சுன்னுல்ல கங்காணிகிட்ட போய் அழுதேன்!"

"உம் பொண்டாட்டியக் கேளுய்யா, அவ பெட்டிக்குள்ள இருக்கும்" என்றாள் வெள்ளையம்மா திரும்பிப் பாராமலே. பிறகு என்னிடம்: "நா மட்டுமில்லீங்க, எங்க லயத்துப் பொம்பளைங்க எல்லாருந்தான். முன்வாசல்ல போய் நின்னா ரோட்டுல போறவனெல்லாம் நாங்களே குடிக்க வந்தோம்னு பேசுவான். பின்னால தேயிலைக்குள்ளாற வந்தா யாருக்குத் தெரியும்? அந்தக் கதவ அடைச்சிராதீங்கன்னு தொரகிட்ட சொல்லுங்க, டீச்சரம்மா."

சொன்னேன். ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆத்தாளை மட்டும் எப்படி ஆங்கிலமாக்குவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். துரை சிரிக்கவில்லை, புகைக்குழாயைத் திரும்பப் பற்ற வைத்துக்கொண்டார். கதவு இருக்கட்டும் என்றார். நிபந்தனைக்கு மாறாகத் தாமே உத்தரவிட்ட அதிகாரி இந்தப் பகுதியில் இருப்பது நல்லதல்ல என்றும் சொன்னார். லஞ்சம் வாங்கியதற்குச் சான்று கிடைக்கவில்லை. வாங்கவில்லை என்பதற்கும் அன்று யாரும் சான்று கொண்டுவரவில்லை. அப்படிப்பட்ட சான்று உலகில் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது.

பெண்கள் கம்பளி எடுத்துப் போவது அதுவரை கதிரவேலுவுக்கே தெரியாது. வெளியே வந்ததும் சொன்னார்: "நெருப்புக்கு எண்டு வைச்சன், டீச்சர். குளிருக்கு உதவுது."

அவர் மாற்றலாகி வடக்கே போன நாளில் அப்புத்தளை ஸ்டேஷனில் மேடையின் மறுமுனை தெரியாதபடி பனி மூடியிருந்தது. நான் பார்சல் ஒன்று எடுக்கப் போயிருந்தேன். பார்சலை மறுநாளும் எடுத்திருக்கலாம். வண்டி பிந்தி வந்தது. இருவரும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"யாழ்ப்பாணத்திலை பொம்பிளைப் பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடங்கள் கனக்க இருக்கு, டீச்சர்" என்றார்.

"இங்கே இது ஒன்றுதான் இருக்கிறது" என்றேன்.

"ஓம். அது எனக்குத் தெரியும்."

வண்டி வந்தது. ஏறியவர் மறுபக்கத்துக் கதவைத் திறந்து, மூடிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். வண்டி பனிக்குள் போன பிறகும் அதன் சத்தம் மலையைச் சுற்றிக்கொண்டு வெகுநேரம் கேட்டது. இன்றைக்கு ரயில் பதுளைவரை போகிறது. மேடையில் எவ்வளவோ கூட்டம். வடக்கேயிருந்து வரும் தபால் எந்த வண்டியில் வரும் என்பது மட்டும் எனக்கு மறக்கவில்லை.

ஒவ்வொரு தை மாதமும் ஒரு தபால் அட்டை வரும். விலாசத்தின் மறுபக்கத்தில் ஒரே வரி: கதவு இருக்கிறதா? நானும் ஒரு வரி எழுதிப் போடுவேன்: இருக்கிறது. வேறு எதையும் அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பேனாவை எடுத்து, இன்னும் ஒரு வரி எழுதலாமா என்று உட்கார்ந்திருந்த தை மாதங்கள் உண்டு. இந்த வருஷமும் அட்டை வந்தது, பதில் போட்டேன். அடுத்த தையில் அட்டை வந்திருந்தால் முதல் தடவையாக வேறு பதில் எழுத நேர்ந்திருக்கும்.

சூசை செய்தி சொன்ன அன்று, பள்ளிக்கூடம் விட்டதும் தவறணைக்குப் பின்பக்கம் போனேன். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை ஒன்று இருக்கிறது. பெண்கள் நடந்து நடந்து உண்டானது. அதில் நான் நடந்தது அதுவே முதல் தடவை. கதவையும் அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். கம்பளி உரசி உரசிப் பலகை நடுவில் எண்ணெய் தேய்த்ததுபோல் மினுங்கியது. ஆணிகளின் தலை தேய்ந்திருந்தது. ஈரக் கம்பளியின் வாடை மரத்துக்குள் இறங்கியிருந்தது. உள்ளே யாரோ எதற்கோ சிரித்தார்கள். சூசை சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து, என்னைக் கண்டு திகைத்துப் போனார்.

"இந்தக் கதவு வழியாக யாராவது எப்போதாவது உயிர் தப்ப ஓடியிருக்கிறார்களா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. அந்தோனியார் புண்ணியத்துல ஒரு நாளும் நெருப்பு வரல." தலையைச் சொறிந்தார். "ஆனா டீச்சரம்மா, அவரு சொன்னதுக்கப்புறம் வெளக்கப் பீப்பாகிட்ட நா கொண்டு போனதே இல்லீங்க. அதனாலயோ என்னமோ."

அதனாலயோ என்னமோ. நானும் அதற்கு மேல் சொல்ல மாட்டேன். நடக்காத ஒன்றை யார் தடுத்தார்கள் என்று நிரூபிக்க முடியாது. கதிரவேலு ஒரு கதவுக்காகத் தம் நல்ல பெயரைக் கொடுத்தார். அந்தக் கதவின் வழியே ஒருவரும் ஓடி வரவில்லை. கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு சில பெண்கள் லயத்துக்குத் திரும்பினார்கள். அவர்களுக்குப் பின்னால் திட்டிக்கொண்டு சில ஆண்கள் போனார்கள்.

"கதவ வெறகுக்குக் கேக்குறாங்க" என்றார் சூசை. "மனசு வரல. என்ன செய்யிறதுன்னும் தெரியல."

"எங்கள் பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஒரு வாசல்தான் இருக்கிறது" என்றேன்.

"ஆமாங்க" என்றார் சூசை.

கதிரவேலுவிடமிருந்து எனக்கு மிஞ்சியதைச் சொல்ல வேண்டும். எந்த அறைக்குள் நுழைந்தாலும், கோவிலானாலும் அரசாங்கக் கச்சேரியானாலும், என் கண் முதலில் இன்னொரு வாசலைத் தேடுகிறது. இது நல்ல பழக்கமா, ஒரு மனிதனின் பயம் எனக்குத் தொற்றியதா, தெரியாது. விட முடியவில்லை. பனியுள்ள பகல்களில், பாடத்தின் நடுவே வேலியோரத்தில் குதிரைக் குளம்பின் சத்தம் கேட்டால் வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்திவிடுகிறேன். பிள்ளைகள் காத்திருப்பார்கள். பிறகு முடிப்பேன்.

சூசை செய்தி சொன்னதற்கு மறுநாள் நடந்தது இது. விடியற்காலையிலேயே மேசன் வந்து தவறணையின் பின்வாசலைக் கல் வைத்துக் கட்டத் தொடங்கினார். பள்ளிக்கூட மணி அடிக்கும் முன்பு சூசையின் மாட்டுவண்டி எங்கள் படலைக்கு வந்தது. சூசை அன்றும் உள்ளே வரவில்லை. வண்டிக்காரனும் இன்னொருவனுமாகக் கதவை இறக்கி, விறாந்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார்கள். மண்டபச் சுவரை வெட்ட நிர்வாகத்தாரின் அனுமதி வேண்டும். அதை அன்றே கேட்டு எழுதினேன். மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்துப் பிள்ளைகள் நனைந்துகொண்டு ஓடி வந்தார்கள். நான் மணியை அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, யாரும் சொல்லாமலே, கதவிலிருந்த ஆணிகள் எல்லாவற்றிலும் அவர்களுடைய சிறிய கம்பளிகள் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தன.